டிஃப்ராக் கட்டிய கிண்டி மாணவர்

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவு மாணவன் எழுதியது)



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டபோது, வழக்கம்போல் அப்துல் கலாம் பற்றியோ ஜி.டி. நாயுடு பற்றியோ எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கலாம் என்றுதான் இருந்தேன். அவர்களைப் பற்றி எழுதுவதற்கு நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் வேறொருவரைத் தேடிப் போனதற்குக் காரணம் ஒரு பேட்டரி. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாலாவது செமஸ்டர் முடிந்து இன்பிளான்ட் ட்ரெய்னிங்குக்காகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். வண்டிகளுக்கு கியர், ஷாஃப்ட் செய்கிற இடம். அங்கே ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் ஒரு ஃபர்னஸ். அதை ஓட்டுவது ஒரு பழைய பி.எல்.சி. அதன் முகப்பில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு ஒரு மாதமாக எரிந்துகொண்டே இருந்ததாம். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மெஷின் ஓடுதுல்ல, விடுப்பா என்று விட்டுவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கரண்ட் போனது. நாலு மணி நேரம் வரவில்லை. திங்கள் காலை ஃபர்னஸ் எழுந்திருக்கவே இல்லை. உள்ளே இருந்த புரோகிராம் மொத்தமும் போய்விட்டது. அந்தப் புரோகிராமைக் கரண்ட் இல்லாத நேரத்தில் காப்பாற்றி வைப்பது உள்ளே இருக்கும் ஒரு லித்தியம் பேட்டரி. அது செத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு மாதமாகச் சொன்னதுதான் அந்தச் சிவப்பு விளக்கு.

சரி, புரோகிராமின் நகல் எங்கே? மெஷினை விற்ற ஏஜென்சியிடம். மேனுவல்? ஆபீஸ் பீரோவில், சாவியோடு. ஏஜென்சி ஆள் வெளியூரிலிருந்து வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. லேப்டாப்பைச் செருகினார், இருபது நிமிஷத்தில் ஏற்றினார், டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த மூன்று நாளும் கான்ட்ராக்ட் ஆட்களைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். வேலை இல்லையென்றால் கூலி இல்லை. அப்படித் திரும்பி வந்தவர்களில் என் சித்தியும் ஒருத்தி. என்னடா மெஷின் படிப்பு படிக்கிறே, அதுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குக்கூடத் தெரியலையா என்று ராத்திரி சோறு போடும்போது கேட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் எலக்ட்ரானிக்ஸ் லேப் சாரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கரண்ட் போனாலும் மறக்காத மெமரியோடு 1960-லேயே நம் நாட்டில் ஒரு கம்ப்யூட்டர் கட்டினார்கள், அந்த டீமை நடத்தியவர் கிண்டியில் படித்தவர், போய் நரசிம்மனைப் படி என்றார். எந்த நரசிம்மன் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கம்ப்யூட்டர் துறையில் பழையவர்கள் யாரிடம் கேட்டாலும் தெரிந்த பெயர். நமக்குத்தான் தெரியாமல் போயிற்று.

ஆர். நரசிம்மன். 1926 ஏப்ரல் 17-ஆம் தேதி சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தார். அப்புறம் அமெரிக்கா. கால்டெக்கில் மின்பொறியியலில் மேல்படிப்பு, இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம். 1954-ல் பம்பாய்க்கு வந்து டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். ஹோமி பாபா நடத்திய இடம் அது. அந்த நாளில் நாட்டில் கம்ப்யூட்டர் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. 1950-களின் நடுவில்தான் கல்கத்தாவில் மகாலனோபிஸின் புள்ளியியல் நிலையத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு மெஷின் வந்து இறங்கியது. அது விலைக்கு வாங்கியது. பம்பாயில் எடுத்த முடிவு வேறு. நாமே கட்டுவோம் என்பது.

கட்டப்போகிறவர்கள் யார்? விரல் விட்டு எண்ணக்கூடிய சில இளைஞர்கள். பெரும்பாலானவர்கள் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் வான் நாய்மன் குழு கட்டிய மெஷினின் அமைப்பைப் பற்றி அச்சில் வந்திருந்தது. அதுதான் கையில் இருந்த வழிகாட்டி.

இங்கேதான் நரசிம்மனிடம் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. எடுத்த எடுப்பிலேயே பெரிய மெஷினில் இறங்கவில்லை. முதலில் ஒரு சிறிய மாதிரி. பைலட் மெஷின் என்று அதற்குப் பெயர். 1955 வாக்கில் வேலை தொடங்கி 1956 முடிவதற்குள் அது ஓடியது. நம்ம ப்ராஜெக்டுக்கு நாம் என்ன செய்கிறோம்? ரிவ்யூவுக்கு நாலு நாள் முன்னால் எல்லாவற்றையும் ஒரே போர்டில் சால்டர் செய்துவிட்டு, ஸ்விட்சைப் போட்டதும் புகை வந்தால் ஆளுக்கொரு மூலையில் நின்று முழிக்கிறோம். அவர்கள் ஒவ்வொரு சர்க்யூட்டாகச் சின்ன மெஷினில் ஓட்டிப் பார்த்து, கை பழகின பிறகு, 1957-ல் பெரியதைத் தொடங்கினார்கள். 1960 பிப்ரவரியில் அது முறையாக இயங்கத் தொடங்கியது.

அதற்குள் என்னென்ன இருந்தது என்று பார்த்தால் நம் பிரிவுக்காரர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். 2,700 வால்வுகள். 1,700 ஜெர்மானியம் டையோடுகள். 12,500 ரெசிஸ்டர்கள். 2,700 வால்வும் சேர்ந்து எரிகிற அறையின் சூட்டை யோசித்துப் பாருங்கள், குளிர்சாதனம் இல்லாமல் நடக்காது. வால்வு என்பது பல்பு மாதிரி, எப்போது வேண்டுமானாலும் ஃப்யூஸ் ஆகும். ஒன்று போனாலும் விடை தப்பும். எது போயிற்று என்று தேடிக் கண்டுபிடிக்கிறவன் அந்த மெஷினை முழுவதும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

மெமரிக்கு வருவோம், நம் பேட்டரி கதைக்கு அதுதான் முக்கியம். ஃபெரைட் கோர் என்று ஒன்று. கடுகைவிடச் சற்றுப் பெரிய காந்த வளையங்கள். மணி கோக்கிற மாதிரி மெல்லிய கம்பிகளை அவற்றுக்குள் கோத்து வலையாகப் பின்னியிருப்பார்கள். ஒரு வளையம் ஒரு பிட். வலப்பக்கம் காந்தமேறினால் ஒன்று, இடப்பக்கம் ஏறினால் பூஜ்யம். காந்தம் என்பதால் கரண்ட் போனாலும் ஏறினது ஏறினபடியே இருக்கும். பேட்டரி வேண்டாம். அந்த மெஷினில் 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்கள். பெருக்கிப் பார்த்தேன், 81,920 பிட். நம் கணக்கில் வெறும் 10 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வருகிற குட் மார்னிங் படம் ஒன்றுகூட அதில் அடங்காது. ஆனால் 1955-ல் வடிவமைப்பு தொடங்கியபோது உலகத்திலேயே ஃபெரைட் கோர் புதுசு. வந்தபுதிதில் அதை எடுத்துக்கொள்ளத் துணிச்சல் வேண்டும்.

1962 ஜனவரியில் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். நிலையத்துக்காரர்கள் மட்டும் பயன்படுத்தவில்லை. மற்ற ஆராய்ச்சிக்கூடங்களிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆட்கள் கணக்கை எடுத்துக்கொண்டு வந்தார்கள். காகித நாடாவில் துளையிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். மெஷின் மொழியில் எழுதப் பழக்க வகுப்பு நடத்தினார்கள். இந்த நாட்டில் புரோகிராம் எழுதிய முதல் தலைமுறையில் பல பேருக்கு அந்த மெஷின்தான் வாத்தியார்.

இனி மனசுக்குக் கஷ்டமான பகுதி. டிஃப்ராக் ஓடத் தொடங்கிய நேரத்தில் வெளியுலகம் வால்வை விட்டு டிரான்சிஸ்டருக்குப் போய்விட்டது. பிறக்கும்போதே பழசு. 1964-ல் அதே நிலையத்துக்கு அமெரிக்காவிலிருந்து சி.டி.சி. 3600 என்ற பெரிய மெஷின் வந்தது. சில காலத்திலேயே டிஃப்ராக் ஓய்வு பெற்றது. அதைப் பார்த்து எந்தத் தொழிற்சாலையும் இரண்டாவது மெஷின் செய்யவில்லை.

அப்படியென்றால் பத்து வருஷ உழைப்பு வீண்தானே என்று லேப் சாரிடம் சண்டை போட்டேன். அவர் தரப்பு இது: மெஷின் போனது, ஆட்கள் போகவில்லையே. எனக்கு அது முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஹைதராபாத்தில் ஈ.சி.ஐ.எல். 1969-ல் தன் முதல் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்ததற்கும் டிஃப்ராக்குக்கும் நடுவில் போன வருஷங்கள் பெரிய நஷ்டம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஒரு கம்பெனியாவது ஷெட் போட்டு அந்த சர்க்யூட்டுகளை டிரான்சிஸ்டரில் செய்து பார்த்திருந்தால்? ஆனால் இது நரசிம்மன் ஒருவர் தலையில் போடக்கூடிய பழி இல்லை என்பதும் தெரிகிறது. ஆராய்ச்சிக்கூடம் ஒரு பக்கம், தொழிற்சாலை ஒரு பக்கம் என்று நடுவில் சுவர் இருந்த காலம் அது. சுவர் இன்றைக்கும் இருக்கிறது என்று நம் பிளேஸ்மென்ட் செல்லைக் கேட்டால் சொல்வார்கள்.

நரசிம்மன் என்ன செய்தார்? தான் கட்டிய மெஷினைக் கட்டிக்கொண்டு அழவில்லை. 1961-லிருந்து 1964 வரை இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தார். படத்தைப் பார்த்து அதில் என்ன இருக்கிறது என்று மெஷின் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற ஆராய்ச்சி. ஒரு வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல ஒரு படத்துக்கும் இலக்கணம் உண்டு என்று எடுத்துக்கொண்டு வேலை செய்தார். அந்த வழியைத் தொடங்கியவர்களில் ஒருவராக இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். திரும்பி வந்து பம்பாயில் கம்ப்யூட்டர் குழுவை நடத்தினார். 1965-ல் இந்தியக் கணினிச் சங்கம் தொடங்கியபோது அவர்தான் முதல் தலைவர்.

அந்தக் காலத்துத் தொழிற்சாலைகளிலும் ஆபீஸ்களிலும் கம்ப்யூட்டர் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த விஷயம் புரியும். 1960-களில் ரயில்வே, இன்சூரன்ஸ், பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் மெல்ல மெல்ல மெஷின் நுழைந்தது. அதிகம் நுழைந்தது ஐ.பி.எம். 1401. சம்பளப் பட்டியல், ஸ்டோர்ஸ் கணக்கு, சரக்குக் கணக்கு. எல்லாம் அட்டையில் துளை போட்டுத்தான். மெஷின் கம்பெனியுடையது, நீங்கள் மாத வாடகை கட்டுகிறீர்கள். ரிப்பேர் பார்ப்பதும் அவர்களே. 1401 அமெரிக்காவில் 1959-ல் அறிமுகமான மாடல். அங்கே பயன்படுத்திக் கழித்ததைக் கொண்டுவந்து இங்கே சரிசெய்து, 1970-களிலும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். பாராளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவே இதைக் கடிந்துகொண்டது.

இன்னொரு பக்கம், வேலை போய்விடும் என்ற பயம். கல்கத்தாவில் எல்.ஐ.சி. கட்டடத்துக்குள் கம்ப்யூட்டர் நுழையக் கூடாது என்று ஊழியர்கள் ராப்பகலாகக் காவல் இருந்தார்கள். இதை இப்போது சிலர் கேலியாகச் சொல்கிறார்கள். என் சித்தி கேட்டிலிருந்து திரும்பி வந்த அந்த வாரத்துக்குப் பிறகு என்னால் கேலி செய்ய முடியவில்லை. மெஷின் தன் கையில் இல்லாதவனுக்கு அதைக் கண்டு பயம் வருவது இயல்பு.

1973-ல் அன்னியச் செலாவணிச் சட்டம் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். ஐ.பி.எம். சம்மதிக்கவில்லை. 1978-ல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. நம் ஃபர்னஸ் கதையை நாடு முழுவதற்கும் பெரிதாக்கிப் பாருங்கள். ரயில்வே ஆபீஸ்கள், எண்ணெய்க் கம்பெனிகள், தொழிற்சாலைகள் எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள். விற்றவன் ஊரை விட்டுப் போய்விட்டான். யார் ரிப்பேர் பார்ப்பது?

பார்த்தார்கள், நண்பர்களே. ஏனென்றால் மூன்று வருஷம் முன்னாலேயே, 1975 டிசம்பரில், கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்று ஓர் அரசு நிறுவனம் பதிவாகியிருந்தது. பெயரிலேயே மெயின்டனன்ஸ்! நம் கல்லூரியில் மெயின்டனன்ஸ் வேலை கிடைத்தது என்றால் ப்ரொடக்ஷன் கிடைக்கலையா என்று முகம் சுளிக்கிறார்கள். நாட்டின் பெரிய மேதைகள் உட்கார்ந்து யோசித்துத் தொடங்கியது மெயின்டனன்ஸ் கம்பெனி. அது உருவானதில் முக்கியப் பங்கு நரசிம்மனுக்கு உண்டு. ஒரு கையால் ஓசை வராது, அரசின் மின்னணுத் துறையும் வேறு பலரும் சேர்ந்து செய்த காரியம் அது. ஐ.பி.எம். போனபோது அங்கே வேலை பார்த்த எஞ்சினியர்கள் பலரையே இந்த நிறுவனம் சேர்த்துக்கொண்டு மெஷின்களைப் பொறுப்பேற்றது. மெஷின்கள் நிற்கவில்லை.

அதோடும் விடவில்லை. ஒரே கம்பெனி மெஷின் என்றில்லாமல் பல நாட்டு மெஷின்களையும் பார்க்கப் பழகியவர்களுக்கு, அதற்கு மேலே மென்பொருள் எழுதுவது இயல்பாக வந்தது. சி.எம்.சி. என்று பெயர் சுருங்கிய அதே நிறுவனம்தான் ரயில் டிக்கெட் முன்பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது. 1985-ல் டெல்லியில் தொடங்கிப் பிறகு சென்னைக்கும் மற்ற ஊர்களுக்கும் வந்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தடித்த லெட்ஜர். அந்த வண்டிக்கு அந்தக் கவுன்டர்தான். எங்க தாத்தா சென்ட்ரலில் விடிகாலையே போய் துண்டு போட்டு இடம் பிடித்த கதையை இன்னும் சொல்லுவார். எந்தக் கவுன்டரில் நின்றாலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் என்பது அவருக்கு மாயமாகத் தெரிந்ததாம். 2001-ல் சி.எம்.சி.யின் பெரும்பங்கை டாடா வாங்கியது, 2015-ல் அது டி.சி.எஸ்.ஸில் கலந்துவிட்டது.

நரசிம்மன் அதே காலத்தில் பம்பாயில் மென்பொருள் வளர்ச்சிக்கான தேசிய மையம் ஒன்றையும் 1975-லிருந்து பத்து வருஷம் இயக்குநராக நடத்தினார். அங்கே பயிற்சி பெற்று வெளியே போனவர்கள் பல இடங்களில் பரவினார்கள். 1977-ல் பத்மஸ்ரீ. மெஷினில் தொடங்கியவர் கடைசியில் வந்து நின்ற இடம் எனக்கு ஆச்சரியம்: குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது என்பது. ஒரு தமிழ்க் குழந்தை ஒன்பது மாதத்திலிருந்து மூன்று வயதாவதற்குள் வீட்டாரோடு பேசியதையெல்லாம் பதிவு செய்து, எழுதி, அலசியிருக்கிறார். கூட ஒரு ஆராய்ச்சியாளரும் வேலை செய்திருக்கிறார். அந்தப் பதிவை உலகம் முழுக்க மொழி ஆராய்ச்சிக்காரர்கள் இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள். மெஷின் பேச வேண்டுமென்றால் முதலில் மனுஷக் குழந்தை எப்படிப் பேசுகிறது என்று பார் என்கிற மாதிரி. இப்போது போனில் நாம் தமிழில் பேசினால் அது பதில் சொல்கிறது. அவர் அதைப் பார்க்கவில்லை. 2007 செப்டம்பர் 3-ஆம் தேதி பெங்களூரில் மறைந்தார். நம் வகுப்பில் பாதிப் பேர் அப்போது தொட்டிலில் இருந்திருப்போம், மீதிப் பேர் பிறக்கவே இல்லை.

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் எத்தனை ஷெட் இருக்கிறதோ அத்தனையிலும் இப்போது பி.எல்.சி. உண்டு, கம்ப்யூட்டரில் ஸ்டோர்ஸ் கணக்கு உண்டு, மேனேஜர் மொபைலில் ப்ரொடக்ஷன் கணக்கு உண்டு. வாங்குகிற முடிவை எடுக்கிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், டிஸ்கவுன்ட் கேட்கிறார்கள். இதன் புரோகிராம் நகல் யாரிடம் இருக்கும், எங்கள் ஆள் ஒருவருக்கு இதைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கொடுப்பாயா என்று கேட்கிறவர்கள் குறைவு. நரசிம்மன் காலத்தில் ஒரு நாடே கேட்டுத் தெரிந்துகொண்ட கேள்வி இது.

ட்ரெய்னிங் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அந்த ஃபர்னஸ் ஃபோர்மேனிடம் போனேன். அண்ணே, பேனலைத் திறந்து வயரிங்கை வரைந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். எதுக்குடா, சர்ட்டிபிகேட்டுக்கா என்றார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பீரோ சாவியையும் சேர்த்து வாங்கிக் கொடுத்தார். மேனுவலில் பேட்டரி பற்றிய பக்கம் முப்பத்தேழாவது பக்கம். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு வாரத்துக்குள் மாற்று என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. மாற்றவேண்டிய தேதியை எழுதி பேனல் கதவின் உட்புறம் ஒட்டினேன். புரோகிராம் நகல் ஒன்றை ஏஜென்சியிடமிருந்து எழுதி வாங்கும்படி ஃபோர்மேன் மேலே கேட்டிருக்கிறார், இன்னும் வரவில்லை. பதினான்கு ஷீட்டில் பதினொன்று வரைந்து முடித்தேன். மீதி மூன்றும் மெயின் சப்ளை பக்கம், ஷட்டவுன் அன்றைக்குத்தான் திறக்க முடியும். மே மாதம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி என் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார்.